இசைத்தட்டின் கரகரப்பு என்று நினைத்தது

அக்கா இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிகாகோ வந்து எங்களோடு ஆறு வாரம் தங்கியிருந்தாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு, பெட்டிகளைத் தூக்கித் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் சற்று ஓய்வு கிடைத்தபோது வழக்கம்போல் மவுத் ஆர்கனை எடுத்து வாயில் வைத்தேன். நான்கு வரி வாசித்திருப்பேன். துணியை மடித்துக்கொண்டே அக்கா கேட்டாள்: "தம்பி, நான் வந்த நாளிலிருந்து இந்த ஒரே பாட்டைத்தான் வாசிக்கிறாய். அதுவும் எழுபது வருடத்துக்கு முன்னால் வேறு யாரோ வாசித்தது. உன்னுடையது என்று ஒன்று எப்போது வரும்?"

குத்திக்காட்டும் குணம் அவளுக்குக் கிடையாது. சிறுவயதில் பன்னிரண்டு ஆண்டுகள் முறையாகப் பாட்டுக் கற்றவள், காது கூர்மையானவள். தோன்றியதை அன்போடுதான் கேட்டாள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். மறுநாள் விமான நிலையத்தில் அவளை விட்டுவிட்டுத் திரும்பும்போது அந்தக் கேள்வி காருக்குள் என்னோடு வந்து உட்கார்ந்துகொண்டது. இன்று வரை அது முழுதாக இறங்கிப் போகவில்லை. பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லி இதை எழுத உட்காரவில்லை. அந்தக் கேள்வியோடு இருந்த நாட்களில் என் காதுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்தப் பாட்டு 'ஜூக்'. 1952 மே 12 அன்று, சிகாகோவின் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் ஒலிப்பதிவு நாளில் லிட்டில் வால்டர் வாசித்தது. வால்டர் அப்போது மடியின் குழுவில் மவுத் ஆர்கன் வாசிப்பவர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். இரவுதோறும் மேடையில் குழுவின் அடையாளமாக வாசித்து வந்த மெட்டு அது. பாட்டு வரி ஒன்றும் இல்லை, மூன்று நிமிடம்கூட ஓடாது. செஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் தன் செக்கர் முத்திரையில் அதை வெளியிட்டது. பில்போர்டு இதழின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் எட்டு வாரம் அது முதலிடத்தில் நின்றது. பாடகர் இல்லாமல் மவுத் ஆர்கன் மட்டுமே முன்னால் நின்ற வேறெந்த இசைத்தட்டும் அந்த இடத்தை இதுவரை எட்டியதில்லை. அது வெளியான பிறகு வால்டர் மடியின் குழுவை விட்டுத் தனிக் குழுவோடு கிளம்பிவிட்டார். கைக்குள் அடங்கிவிடும் ஒரு கருவி, சாக்ஸபோனுக்குச் சரிசமமாக நிற்கும் என்று உலகம் ஒத்துக்கொண்ட நாள் அது என்றே நான் நினைக்கிறேன்.

மூச்சை உள்ளே இழுத்தால்தான் வீடு

நான் தொடங்கியது தப்பான இடத்தில். சி (C) சுருதி மவுத் ஆர்கன் ஒன்றை வாங்கி, ஜூக்கை ஓடவிட்டு, கூடவே வாசிக்கப் பார்த்தேன். எந்தத் துளையும் பொருந்தவில்லை. பாட்டு ஈ (E) சுருதியில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஈ சுருதிக் கருவி ஒன்றை வாங்கினேன். அப்போதும் சுரங்கள் இருந்தன, பாட்டு இல்லை. வால்டர் கையில் இருந்தது ஏ (A) சுருதிக் கருவி என்று எனக்குத் தெரிய வந்தபோது ஆறு மாதம் போயிருந்தது. ஏ கருவியில் ஈ சுருதிப் பாட்டு. இதற்குள் இருக்கும் நியாயம் புரிந்த நாளில்தான் இந்த இசையின் வாசல் எனக்குத் திறந்தது.

பத்துத் துளை, இருபது ரீடு. மூச்சுப் பட்டதும் அதிரும் மெல்லிய உலோகப் பட்டைதான் ரீடு. ஜெர்மனியில் ட்ரோசிங்கன் என்ற ஊரில் ஹோனர் நிறுவனம் 1896 முதல் செய்துவரும் மரைன் பேண்ட் என்ற மவுத் ஆர்கன் இதுதான். பேரிமரக் கட்டையின் இரு பக்கமும் பித்தளைத் தகடு, அதன்மேல் தகர உறை. நாட்டுப்பாட்டும் நடனப்பாட்டும் வாசிப்பதற்காக அமைத்த கருவி. ஊதினால் ஆதாரச் சுருதி, மூச்சை உள்ளே இழுத்தால் அதற்குத் துணை போகும் சுரங்கள். செய்தவர்கள் நினைத்தது அவ்வளவுதான். அமெரிக்கத் தெற்கின் கறுப்பினக் கலைஞர்கள் இதைக் கையில் வாங்கித் தலைகீழாக்கிவிட்டார்கள். துணையாக வைத்திருந்த இழுப்பை வீடாக்கினார்கள். ஏ கருவியில் இரண்டாம் துளையை இழுத்தால் ஈ. பாட்டு அங்கே குடியிருக்கிறது.

இதைச் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. முதல் ஆறு துளைகளில் இழுப்புச் சுரம் ஊதுசுரத்தைவிட உயரம். அப்படி இருக்கும் இடத்தில், வாயின் உள்வடிவத்தை மாற்றி இழுத்தால், உயர்ந்த சுரம் கீழே சரியும். ஊதுரீடும் சேர்ந்து அதிரத் தொடங்கும். மூன்றாம் துளையில் ஊதினால் ஈ, இழுத்தால் ஜி ஷார்ப். இரண்டுக்கும் நடுவே மூன்று அரைச்சுரங்கள் ஒளிந்திருக்கின்றன. தகட்டில் அவற்றுக்கு ரீடு கிடையாது. வாசிப்பவரின் தொண்டையிலும் நாக்கிலும்தான் இருக்கின்றன. ப்ளூஸ் பாடகரின் குரல் எங்கே தழுதழுக்குமோ, அந்த இடங்களெல்லாம் இப்படி ரீடு இல்லாத இடங்களில் வந்து விழுகின்றன. அழத் தெரியாத கருவிக்கு அழும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களின் பெயர்கூட எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

இந்த வளைப்பை ஒருவர் இன்னொருவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? வாய்க்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. 1948இல் பில்லி பாய் அர்னால்ட் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், தான் இசைத்தட்டில் கேட்டு மயங்கிய ஜான் லீ வில்லியம்சனின் சிகாகோ வீட்டுக் கதவைத் தட்டினான். சன்னி பாய் வில்லியம்சன் என்ற பெயரில் இருவர் புகழ் பெற்றார்கள். முதலாம் சன்னி பாய் இவர். அந்தச் சுரத்தை எப்படிப் பேச வைக்கிறீர்கள் என்று சிறுவன் கேட்டபோது, அதன் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று அவர் வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்த ஆண்டு ஜூன் 1 அன்று, வீடு திரும்பும் வழியில் தாக்கப்பட்டு வில்லியம்சன் இறந்துபோனார். வயது 34. அந்தச் சிறுவன் வளர்ந்து, தானே ஒரு பெயர் பெற்ற கலைஞனாகி, அந்தச் சந்திப்பைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டு மூன்று சந்திப்புகள்தான். மிச்சமெல்லாம் இசைத்தட்டு.

எனக்குக் கதவைத் தட்ட வீடு இல்லை. 'ஈ' என்று உச்சரிக்கும் நாக்கு 'ஊ' என்று பின்வாங்கும்போது நடப்பதைப் பிடித்துக்கொண்டு, நான்கு மாதம் மூன்றாம் துளையையே இழுத்தேன். முதன்முதலாகச் சுரம் சரிந்தபோது நான் கார் நிறுத்துமிடத்தில் இருந்தேன். வெளியே பனி. கைகள் விறைத்திருந்தன. சுரம் என் கைக்குள்ளிருந்து நழுவிக் கீழே இறங்கியது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். பிறகு ஒரு மணி நேரம் காரை விட்டு இறங்கவில்லை.

சமையலறையில் ஓர் இரவு

அக்கா வந்தபோது ஜூக்கின் எல்லாச் சுரங்களும் எனக்குத் தெரிந்திருந்தன. எந்தத் துளை, ஊதலா இழுப்பா, எவ்வளவு வளைப்பு என்று எண்களாக எழுதிய குறிப்புகள் கிடைக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்திருந்தேன். இசைத்தட்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்தால் ஒரு சுரம்கூடப் பிசகாது. ஆனாலும் என் வாசிப்பு மெலிந்து கிடந்தது. அவருடையது அகலமாக இருந்தது. ஒரே சுரம்தான், ஆனால் அவருடைய சுரத்துக்கு உடம்பு இருந்தது.

கருவியைக் குறை சொன்னேன். பிறகு மைக்கைக் குறை சொன்னேன். வால்டரும் அவர் காலத்துக் கலைஞர்களும் மலிவான மைக்கை மவுத் ஆர்கனோடு சேர்த்து உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு, சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியே வாசித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஷூர் நிறுவனம் 1949 முதல் செய்த 'கிரீன் புல்லட்' வகை மைக் ஒன்றைத் தேடி வாங்கினேன். ஒலி கரடுமுரடானது. மெலிவு மட்டும் போகவில்லை. மெலிந்த ஒன்றுக்குக் கனமான கம்பளியைப் போர்த்தியதுபோல் இருந்தது.

அக்கா ஊர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, சமையலறை மேசையில் கணினியை வைத்துக் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஜூக்கின் தொடக்க வரியைப் பாதி வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். முந்தைய தலைமுறை மாணவர்கள் இசைத்தட்டின் வேகத்தைக் குறைத்துக் கேட்டார்கள். வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கிவிடும், மனதால் அதை மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். இன்றைக்கு அந்தச் சிரமம் இல்லை. சுருதி மாறாமல் எவ்வளவு வேண்டுமானாலும் மெதுவாக்கலாம். அந்த வசதி இருந்தும் நான் ஒரு வருடமாகச் சுரங்களை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சில சுரங்களுக்கு முன்னால் 'ட்ச்' என்று ஓர் அழுக்கு இருந்தது. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். பழைய இசைத்தட்டின் கரகரப்பு என்று காது தானாக ஒதுக்கி வைத்திருந்தது. அன்று என்னவோ அது ஒதுங்க மறுத்தது. கரகரப்பு என்றால் எங்கு வேண்டுமானாலும் வர வேண்டும் அல்லவா? இது சுரத்தின் வாசலில் மட்டும் வந்து நிற்கிறதே?

என்னிடம் அந்தப் பாட்டு இரண்டு பிரதிகளாக இருந்தது. ஒன்று நண்பர் கொடுத்த பழைய எல்.பி. தொகுப்பிலிருந்து எடுத்தது, தூசியும் கீறலுமாக இரைந்துகொண்டே இருக்கும். இன்னொன்று சுத்தம் செய்து வெளியிட்ட குறுந்தகடு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். எல்.பி.யின் கீறல் சத்தங்கள் குறுந்தகட்டில் இல்லை. அந்த 'ட்ச்' மட்டும் இரண்டிலும் இருந்தது. அதே சுரங்களுக்கு முன்னால், அதே அளவில். வேகத்தைக் கால்பங்காகக் குறைத்தேன். அழுக்கு விரிந்தது. அதற்குள் மூன்று நான்கு சுரங்கள் ஒன்றாக ஒலித்தன. ஒரு கணம் பக்கத்துத் துளைகள் எல்லாம் சேர்ந்து மூச்சுவிட்டு, உடனே வாயடைத்துப் போக, ஒரே ஒரு சுரம் மட்டும் மிஞ்சி நின்றது.

அது இசைத்தட்டு போட்ட சத்தம் இல்லை. அவருடைய நாக்கு.

நான் எழுந்து தண்ணீர் குடித்தேன். மறுபடியும் வந்து உட்கார்ந்து முழு வேகத்தில் கேட்டேன். அதன் பிறகு அந்தப் பாட்டு எனக்குப் பழையபடி ஒலிக்கவே இல்லை. ஒவ்வொரு வரியிலும் அந்த நாக்கு அடித்துக்கொண்டிருந்தது. மேளக்காரருக்கும் முன்னால் அவரே தாளம் வைத்திருந்தார். எண்களாக எழுதிய குறிப்பில் 'நான்காம் துளை, இழுப்பு' என்று இருக்கும். குறிப்பு பொய் சொல்லவில்லை. அது சொல்லாமல் விட்ட இடத்தில்தான் வால்டர் இருந்தார்.

நான்கு துளை, ஒரு நாக்கு

சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடி வாசிப்போம். அங்கே வரும் பெரியவர் ஒருவர் சிறுவயதில் மிசிசிப்பியிலிருந்து குடும்பத்தோடு சிகாகோ வந்தவர். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். யாருக்கும் வலிந்து எதுவும் சொல்லமாட்டார். அந்த வாரம் அவரிடம் போய், கேட்டதைச் சொன்னேன். அவர் உடனே சொல்லிவிடவில்லை. என்னை வாசிக்கச் சொல்லி, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதட்டைக் குவித்து வைத்திருக்கிறாய்" என்றார். "ஒரு துளையை மட்டும் பிடிக்கிறாய். அதனால் அந்த ஒன்றுதான் வருகிறது. வாயை அகலமாகத் திற. நான்கு துளையையும் விழுங்கு. பிறகு மூன்றை நாக்கால் மூடு."

பிறகு தன் கருவியை வாயிலிருந்து சற்று விலக்கி, நாக்கின் நுனி எங்கே படுகிறது என்று காட்டினார். வாயில் நான்கு துளை. நாக்கின் முன்பகுதி இடப்பக்கத்து மூன்றின் மேல் படுத்திருக்கும். வலது ஓரத்தில், நாக்குக்கும் வாயோரத்துக்கும் இடையே ஒரே ஒரு துளை திறந்திருக்கும். அங்கிருந்து சுரம் வரும். நாக்கை எடுத்தால் நான்கும் சேர்ந்து கொத்தாக ஒலிக்கும். சுரம் தொடங்கும் கணத்தில் நாக்கை எடுத்திருந்து, தொடங்கியதும் சட்டென்று அறைந்தாற்போல் வைத்தால், கொத்து பிறந்த உடனே ஒடுங்கி ஒற்றைச் சுரமாகிவிடும். நான் கேட்ட 'ட்ச்' அதுதான். வாய் விரிந்திருப்பதால் உள்ளே காற்றுக்கு இடம் அதிகம். அந்த அகலமும் அங்கிருந்துதான் வருகிறது. நாக்கின் இரு பக்கமும் திறந்துவைத்து நடுவை மட்டும் மூடினால் மேல்சுருதியும் கீழ்ச்சுருதியும் சேர்ந்து ஒலிக்கும். ஆர்கன் போல ஒலிப்பதாக நான் வியந்த இடங்கள் எல்லாம் அது.

ஒரு வருடம் கற்றதையெல்லாம் அவிழ்க்க வேண்டியிருந்தது. குவித்த உதட்டால் ஒழுங்காக வந்துகொண்டிருந்த வரிகள், நாக்கை வைத்ததும் குழந்தை மொழியாகிவிட்டன. எச்சில் வழிந்தது. அரைமணி நேரத்தில் நாக்கு மரத்துவிடும். பேரிமரக் கட்டை ஈரத்தில் உப்பி, துளைகளின் நடுவே இருக்கும் மரப்பற்கள் நாக்கின் நுனியை அராவும். இரவு ரசம் சாப்பிடும்போது எரியும். மிகக் கடினமானது வளைப்புதான். நாக்கு துளையின் மேல் படுத்திருக்கும்போது எப்படிப் பின்வாங்குவது? நாக்கின் நுனி அசையாமல் இருக்க, பின்பகுதி மட்டும் எழுந்து தொண்டையை நோக்கிப் போக வேண்டும். ஒரே நாக்கில் இரண்டு நாக்கு வேண்டியிருக்கிறது. இரண்டாம் துளையில் இதைக் கொண்டுவர எனக்கு எட்டு மாதம் ஆனது. இன்றும் தினம் காலையில் அதைத்தான் முதலில் செய்கிறேன்.

அவர் யாரைக் கேட்டார்

நம் ஊரில் 'கேள்வி ஞானம்' என்ற சொல் இருக்கிறது. முறையாகப் படிக்கவில்லை, கேட்டதில் வந்தது என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்ளப் பயன்படுத்துகிறோம். வகுப்பில் உட்கார்ந்து கற்றவர்கள் அதை ஒரு படி கீழாகவே பார்ப்பார்கள். ஜூக்கோடு இருந்த ஆண்டுகளில் எனக்கு அந்தச் சொல்லின் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. என் காதில் அந்த நாக்கு ஒரு வருடம் விழுந்துகொண்டுதான் இருந்தது. கேட்க ஒரு வருடம் ஆனது.

கேட்கத் தொடங்கிய பிறகு இன்னொரு கேள்வி வந்தது. வால்டர் யாரைக் கேட்டார்? லூசியானாவின் மார்க்ஸ்வில்லில் பிறந்து, சிறுவயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராகத் தெருவில் வாசித்துச் சிகாகோ வந்தவர். முதலாம் சன்னி பாயின் இசைத்தட்டுகளில் ஊறியவர். மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்தபோது, 1947இல் அங்கிருந்த ஒரு கடைக்காரரின் சின்ன முத்திரையில் அவருடைய முதல் பதிவு வந்தது. அதைக் கேட்டால் சன்னி பாயின் நிழல் அப்பட்டமாகத் தெரியும். ஜூக்கின் தொடக்க வரியைக்கூட வானத்திலிருந்து அவர் பறித்து வரவில்லை. ஸ்னூக்கி பிரையர் 1948இல் பதிவு செய்த ஒரு மெட்டில் அதே வரி இருக்கிறது. அது தன்னுடையது என்று பிரையர் கடைசிவரை சொல்லிவந்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அவர் சொன்னதில் நியாயம் இருப்பது விளங்கும். வால்டர் அதன் பிறகு எங்கே போகிறார் என்பதும் விளங்கும்.

வால்டர் இன்னொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார். லூயிஸ் ஜோர்டன். ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர். அவருடைய சாக்ஸபோன் வரிகளை மவுத் ஆர்கனில் கொண்டுவர வால்டர் பாடுபட்டார். ஜூக்கின் நடுச் சுற்றுகளில் வாக்கியங்கள் அப்படி நீண்டு ஓடுவதற்கும், மூச்சு வாங்கும் இடம் தெரியாமல் போவதற்கும் அதுதான் காரணம் என்று இப்போது எனக்குக் கேட்கிறது. இது தெரிந்ததும் மவுத் ஆர்கனை வைத்துவிட்டு, ஒரு மாதம் ஜோர்டனின் இசைத்தட்டுகளை மட்டும் கேட்டேன். திரும்பி வந்து ஜூக்கை வாசித்தபோது, எந்த இடத்தில் அவசரப்பட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. சுரங்கள் அப்படியேதான் இருந்தன. நிறுத்தங்கள் மாறிவிட்டன.

இரண்டாம் சன்னி பாய் என்று அழைக்கப்படும் ரைஸ் மில்லர் நேர் எதிர்த் திசை. 1941 முதல் ஆர்கன்சாவின் ஹெலினாவிலிருந்து வானொலியில் வாசித்தவர். அந்த நிகழ்ச்சிதான் தெற்கில் எத்தனையோ சிறுவர்களுக்குப் பள்ளிக்கூடம். அவர் ஒரு சுரத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பார். கையை விசிறிபோல் திறந்து மூடி, அந்த ஒன்றையே பேச வைப்பார். பாடிவிட்டு, தன் பாட்டுக்குத் தானே மவுத் ஆர்கனில் பதில் சொல்வார். அவரிடம் மாணவனாகப் போய், அவர் வீட்டிலேயே தங்கி வளர்ந்த சிறுவன்தான் ஜேம்ஸ் காட்டன்.

அக்காவின் கேள்வியை நினைக்கும்போது எனக்குக் காட்டன்தான் நினைவுக்கு வருவார். 1954 இறுதியில் அவர் மடி வாட்டர்ஸின் குழுவில் சேர்ந்தார். வால்டர் போய்விட்டிருந்தாலும் அவருடைய ஒலி போகவில்லை. ஒலிப்பதிவுக்கு மடி தொடர்ந்து பல ஆண்டுகள் வால்டரையே அழைத்தார். மேடையில் காட்டன் வால்டரின் வாசிப்பை அப்படியே வாசிக்க வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் அவர் மடியிடம் போய், தன்னால் ஒருநாளும் லிட்டில் வால்டர் ஆக முடியாது, தானாக இருக்க ஒரு வாய்ப்புத் தரவேண்டும் என்று கேட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1960இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் மடியோடு அவர் வாசித்த பதிவு இருக்கிறது. அதில் வால்டர் இல்லை. காட்டன்தான் இருக்கிறார், நெஞ்சைப் பிளக்கும் மூச்சோடு.

முதலில் இந்தக் கதையை அக்காவின் பக்கத்துக்கு ஆதாரமாகவே எடுத்துக்கொண்டேன். பார், காட்டனே பிரதி எடுப்பதை உதறிவிட்டுத்தான் தன்னைக் கண்டுகொண்டார் என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. தன்னால் வால்டர் ஆக முடியாது என்ற அந்த வாக்கியத்தைச் சொல்ல யாருக்குத் தகுதி உண்டு? இரவுக்கு இரவு வால்டர் ஆகப் பார்த்தவருக்குத்தான். எந்த இடத்தில் தன் நாக்கு வேறு மாதிரி அடிக்கிறது, எந்த இடத்தில் தன் மூச்சு அடங்க மறுக்கிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். முயலாதவருக்கு அந்த எல்லை தெரியாது. ஜூக்கை வாசிக்கும்போது நான் தோற்கும் இடங்களை எனக்கு இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அவற்றில் சில வெறும் பயிற்சிக் குறை. இரண்டு மூன்று இடங்கள் அப்படி இல்லை. அங்கே என் வாய் தொடர்ந்து வேறொன்றைச் செய்கிறது, திருத்தத் திருத்த அங்கேயே திரும்பி வருகிறது. அவற்றைத் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

போன வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேக்ஸ்வெல் தெருவுக்குப் போனேன். 1994இல் சந்தை அங்கிருந்து அகற்றப்பட்டுவிட்டது. பல்கலைக்கழகம் அந்தப் பக்கம் விரிந்துவிட்டது. அங்கிருந்து எவர்கிரீன் பார்க்கில் உள்ள செயின்ட் மேரிஸ் கல்லறைத் தோட்டம். வால்டர் 1968 பிப்ரவரியில் ஒரு சண்டையில் பட்ட காயத்தோடு உறங்கப் போனவர், எழவில்லை. 1991 வரை அவர் கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. ரசிகர்கள்தான் வைத்தார்கள். கருவி என் சட்டைப் பையில் இருந்தது. அங்கே வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

சென்ற மாதம் அக்கா காணொளியில் பேசினாள். வீட்டுக் கதையெல்லாம் முடிந்த பிறகு, "இன்னும் அதையேதான் வாசிக்கிறாயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று ஜூக்கை வாசிக்கவில்லை. மெதுவாக, பன்னிரண்டு தாள அளவு கொண்ட ஒரு ப்ளூஸ் சுற்று, யாருடையது என்று சொல்ல முடியாதது, வாசித்துக் காட்டினேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். மூன்றாம் துளையை இழுத்து, பாதிக்கும் பாதியாக வளைத்து நிறுத்தும் இடம் வந்தபோது கையை உயர்த்தினாள்.

"நிறுத்து. அந்தச் சுரத்தை மட்டும் வாசி."

வாசித்தேன். அக்கா தானே முனகிப் பார்த்தாள். முதலில் அந்தர காந்தாரத்தைப் பிடித்தாள். தலையசைத்தாள். கீழே இறங்கிச் சாதாரண காந்தாரத்தைப் பிடித்தாள். அதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே குரலை நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை, சிரித்துவிட்டாள்.

"இன்னொரு முறை வாசி, தம்பி" என்றாள். "மெதுவாக."